போணிக்கு வந்த மனிதர்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, அண்ணன், அண்ணி எல்லோரும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று வழக்கமாக எழுதுகிற வரியை இந்த முறை எழுதக் கை வரவில்லை, நீ அப்படி இல்லை என்று தெரிந்துதான் தாளையே எடுத்தேன். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ 'சரிப்பா, அப்புறம் பேசுறேன்பா' என்று வைத்துவிடுவாய், நீ வைத்த கோபத்தை நான் உன் அம்மாவிடம் காட்டுவேன், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். தாளில் கத்தவும் முடியாது, நீ நடுவில் வைக்கவும் முடியாது. அண்ணன் இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுவான், தாள் பின்னால் தபாலில் வரும். படத்தில் படித்தாயிற்றே என்று தாளைத் தூக்கிப் போட்டுவிடாதே.

முதலில் வீட்டுச் சேதி. உன் அம்மா, நீ போனில் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சிப்படி தினமும் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கி நீட்டுகிறாள். அந்த நேரத்தில் யாரும் குறுக்கே போகக் கூடாது, எண்ணிக்கை மறந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள், அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. முட்டி வலி குறைந்ததா என்று கேட்டால், 'குறைஞ்சிருக்குன்னு உங்ககிட்ட சொன்னா கண்ணு பட்டுடும்' என்கிறாள், ஆகக் குறைந்திருக்கிறது. கடையின் பின்பக்கக் கொட்டகை போன மழையில் ஒழுகி, அடுக்கி வைத்திருந்த ஃபோம் மெத்தைகளில் கீழ்வரிசை முழுக்கத் தண்ணீர் குடித்துவிட்டது. அண்ணன் அவற்றை மொட்டை மாடியில் காயவைத்து, தள்ளுபடி என்று பலகை எழுதி வைத்துவிடலாம் என்றான். ஃபோம் வெளியே காய்ந்துவிடும், உள்ளே காயாது, வாங்கினவன் படுத்துப் பழகிய பிறகுதான் நாறும் என்று சொல்லி எல்லாவற்றையும் வெட்டிப் போடச் சொன்னேன். அவனுக்கு வருத்தம். உன் மாமா, அதான் உன் அம்மாவின் அருமைத் தம்பி, வந்து பார்த்துவிட்டு வழக்கம்போல ஒரு நக்கல் அடித்துவிட்டுப் போனார். 'அத்தான், நீங்க ஊரையே தூங்க வைக்கிறீங்க, உங்க பொண்ணு ஊரை எழுப்பி ஓடவிடுறா, ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் பொழைச்சா போதும்' என்றார். வழக்கமாக நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அன்று காலையில்தான் நீ போன் செய்து, 'இந்த டிரெய்னர் தொழில் எனக்குச் சரிப்பட்டு வராதுப்பா, ஒரு டிக்கெட் போட்டு அனுப்பு, கடையில கல்லாவுல உக்காந்துக்கிறேன்' என்று சொல்லியிருந்தாய்.

அதை நான், பயிற்சிக்கு ஆள் கிடைக்காத சலிப்பு என்று நினைத்தேன். ஜிம் வேலையை விட்டுத் தனியாக நின்ற பிறகு நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். ஜிம்மில் உன்னிடம் பயிற்சி எடுத்த ஆட்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள், சரி, அது அவர்கள் கடை, அவர்கள் நியாயம். பிறகு பூங்காவில் ஓடுகிறவர்களிடமெல்லாம் துண்டுத்தாள் கொடுத்தாய். அப்போதே சொன்னேன், ஓடுகிறவனுக்கு நீ எதற்கு, அவன்தான் ஏற்கெனவே ஓடுகிறானே, ஓட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறானே அவனிடம் போ என்று. நீ, 'அது உங்க காலத்து யாவாரம்பா' என்றாய். பிறகு இலவச வகுப்பு வைத்தாய், கூட்டம் வந்தது, கட்டணம் என்று வாயைத் திறந்த மறுநாள் பூங்காவில் நீயும் புறாவும்தான் நின்றீர்கள். இதெல்லாம் எந்தத் தொழிலிலும் உண்டு. நான் தலையணையை சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனபோது, அமுக்கிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினவர்கள்தான் அதிகம். அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடி என்று எழுதலாம் என்றிருந்தேன். அப்புறம்தான் உன் அம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து, என்னிடம் நீ சொல்லாத பாதியைச் சொன்னாள்.

சிட்டு, அம்மாவிடம் சொன்னதை என்னிடம் சொல்லாமல் விட்டதற்காகக் கோபம் இல்லை. என்னிடம் சொல்வதற்கு முன் யாரும் ஒரு தடவை யோசிப்பார்கள், அது எனக்கே தெரியும். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. உன் வீட்டுக்குக் கீழே சலவைக் கடை வைத்திருக்கும் மனிதர்தான் காசு கொடுத்து உன்னிடம் வந்த முதல் ஆள். நாள் முழுக்க இஸ்திரி மேசையில் குனிந்து முதுகு பிடித்துக்கொண்டது, உடம்பும் பெருத்துவிட்டது, சொல்லிக்கொடும்மா என்று கேட்டார். நீ கேட்க வேண்டியதைக் கேட்டாய். முன்னால் ஏதாவது வியாதி உண்டா என்றதற்கு, 'நெஞ்சுல சின்னதா ஒரு அடைப்பு இருந்துச்சும்மா, அதெல்லாம் டாக்டர் சரி பண்ணிட்டாரு' என்றார். அந்த இடத்தில், டாக்டரிடம் ஒரு வார்த்தை எழுதி வாங்கி வாருங்கள், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நீ படித்த படிப்பில் முதல் பாடமே அதுதானாம், அம்மாவிடம் அழுதுகொண்டே நீதான் சொல்லியிருக்கிறாய். தெரிந்தும் விட்டாய். எழுதி வாங்கப் போனால் அந்த மனிதர் திரும்பி வரமாட்டாரோ என்று பயந்தாய். போணிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அப்பா சொல்வாரே என்று நினைத்துக்கொண்டாயாம். அதற்கடுத்த வாரம் பூங்காவில் உட்கார்ந்து எழச் சொன்னபோது அவர் எழவில்லை, முகம் வெளுத்து, வேர்த்து, தாடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

போணியைப் பற்றி நான் சொன்னது உண்மை. அதை இன்றைக்கும் சொல்வேன். கடை திறந்ததும் வருகிற முதல் ஆள் வெறுங்கையோடு போனால் நாள் முழுக்க மனசு தொங்கிப்போகும், அதற்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது ஒரு தலையணை உறையையாவது கையில் கொடுத்து அனுப்பு என்பேன். அது உறைக்குச் சொன்னது. உறை சரியில்லை என்றால் மறுநாள் கொண்டுவந்து என் முகத்தில் எறிவார்கள், நான் மாற்றிக் கொடுப்பேன், அவ்வளவுதான். நீ விற்பது அப்படித் திரும்பி வருகிற சரக்கு இல்லை. வியாபாரி வீட்டுப் பிள்ளையாக வளராத எவளாவது உன் இடத்தில் இருந்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள், வேறு ஏதாவது செய்திருப்பாள். இது நம் வீட்டுக் கல்லாவில் பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்ட பிள்ளை மட்டும் செய்கிற தப்பு. நான் சொன்னது தப்பில்லை, நீ அதைக் கொண்டுபோய் வைத்த இடம் தப்பு. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவர் சாய்ந்த பிறகு நீ செய்ததெல்லாம் சரி. நடக்கவிடாமல் உட்காரவைத்தாய், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாய், கூடவே ஏறிப் போனாய், மறைக்காமல் அங்கிருந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாய். மனிதர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்றால் அதில் உன் பங்கும் உண்டு. அதை நான் உன்னைத் தேற்றுவதற்காக எழுதவில்லை, இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி எல்லோர் முன்னாலும், 'என் புருஷன் உடம்பு உனக்குக் கத்துக்கிட்டுப் பழகுற பொம்மையாடி' என்று கேட்டாளாமே. அதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து நீ சலவைக் கடை வாசலைக் கடக்காமல், குப்பைத்தொட்டி பக்கத்துப் பின்படி வழியாக ஏறி இறங்குகிறாய் என்று அம்மா சொன்னாள். எனக்கு அதுதான் உறுத்தியது. உன்னைக் கேட்காமல் நான் ஒரு காரியம் செய்தேன், கோபித்துக்கொள். நீ அந்த வீட்டுக்குக் குடிபோன புதிதில் வாசலில் நின்று படம் அனுப்பினாயே, அதில் உன் தலைக்குப் பின்னால் அந்தக் கடைப் பலகை தெரிகிறது. அண்ணன் அதைப் பெரிதாக்கி எண்ணை எடுத்துக் கொடுத்தான். நான் போன் செய்தேன். அந்த அம்மாள்தான் எடுத்தாள். துணி எடுக்க வரவேண்டுமா என்றாள். இல்லை, மாடியில் இருக்கும் பெண்ணின் அப்பா பேசுகிறேன் என்றேன். அவ்வளவுதான், திட்ட ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. வாடிக்கையாளர் திட்டும்போது குறுக்கே பேசினால் இரண்டு மடங்காகும் என்பது எனக்கு அனுபவம், ஆனால் அன்று அதற்காகப் பேசாமல் இருக்கவில்லை, அவள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை என்பதால் பேசவில்லை. பொண்ணை வளர்த்த லட்சணத்தைக் கேட்டாள், படித்த படிப்பைக் கேட்டாள், 'நாளைக்கு இந்த ஆளுக்கு ஒண்ணு ஆயிருந்தா இந்தக் கடையை யாரு பாத்துப்பா, நீங்களா வந்து துவைப்பீங்க' என்று கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு குரல் இறங்கி அவள் சொன்னதைத்தான் நான் உனக்கு இந்தக் கடிதத்தில் எழுத வந்தேன். 'ஆஸ்பத்திரியில நான் ஆத்தாமையில கத்துனேன், இல்லேங்கல. ஆனா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து இத்தனை நாளாச்சு, தலைக்கு மேலதான் குடியிருக்கா, அவ நடக்குற சத்தம் எங்களுக்குக் கேக்குது, ஒரு தடவை எறங்கி வந்து எப்படி இருக்காருன்னு எட்டிப் பாக்கலையேங்க' என்றாள்.

பின்னாலிருந்து அந்த மனிதர் போனைக் கொடு கொடு என்று கேட்டு வாங்கினார். மெதுவாகப் பேசுகிறார், நடுவில் மூச்சு வாங்குகிறது. 'தப்பு என் பேர்லதாங்க. நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சதை முழுசா சொல்லியிருக்கணும். சொன்னா இந்தப் பொண்ணும் வேணாம்னு அனுப்பிடுமோன்னு பயந்துட்டேன், ஏற்கெனவே ரெண்டு ஜிம்முல அனுப்பிட்டாங்க' என்றார். வந்தவர் உன்னை இழந்துவிடுவோமோ என்று பாதியை மறைத்திருக்கிறார், நீ அவரை இழந்துவிடுவோமோ என்று மீதியைக் கேட்காமல் விட்டிருக்கிறாய். இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் அவர்கள் கண்முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கப் பழக்குகிறார்களாம், வாரத்தில் சில நாள் வரச் சொல்லியிருக்கிறார்களாம், ஆனால் மனைவி பயந்துபோய் அனுப்ப மறுக்கிறாளாம், கடைக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறாளாம். 'பாத்ரூமுக்கு எழுந்தாக்கூட எங்க போறேங்கறா சார்' என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அதற்குள் அவள் போனைப் பிடுங்கி, பேசியது போதும் என்று வைத்துவிட்டாள்.

ஆகவே நான் யோசித்துச் சொல்வதைக் கேள். நீ இறங்கிக் கீழே அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அவரைத் திரும்பப் பயிற்சிக்கு அழைக்கப் போகாதே, அந்த நினைப்பே மனசின் ஓரத்தில்கூட இருக்கக் கூடாது, இருந்தால் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள். வாங்கின கட்டணத்தை முன்னால் நீட்டாதே, அது கணக்குத் தீர்க்க வந்த மாதிரி இருக்கும். கேட்டால் கொடு. அவர் முழுசாகச் சொல்லவில்லை என்பதை நீ உன் வாயால் சொல்லாதே, ஆனால் நான் போன் செய்ததை மறைக்காதே. கேட்காமல் விட்டேன், தெரிந்தே விட்டேன் என்று மட்டும் சொல். அவள் திட்டினால் நின்று கேள். அழுகை வந்தால் அழு, ஆனால் அவள் உன்னைத் தேற்றும்படி அழாதே, அவளுக்கு ஏற்கெனவே ஒரு நோயாளி இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நடக்கப் பழக்குவதற்கு அவரை அனுப்பினால் நல்லது என்று உனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒரு சமயம் வாய்த்தால் சொல், கூடப் போக ஆள் இல்லை என்றால் நீயே கூடப் போவதாகச் சொல், வாய்க்கவில்லை என்றால் பேசாமல் எழுந்து வா.

தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதை விட்டுவிடத் தீர்மானித்துவிட்ட மாதிரி பேசுகிறாய். நீ தேட வேண்டிய ஆட்கள் யார் என்று அந்த சலவைக் கடைக்காரரே உனக்குக் காட்டிவிட்டார். வியாதி வந்து குணமாகி, டாக்டர் அசையச் சொல்லியும் அசையப் பயந்து உட்கார்ந்திருக்கிறவர்கள், ஜிம்முக்குப் போனால் அங்கே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள். என் கடைக்கே தினமும் அப்படி ஒருவர் வருகிறார், முதுகுவலிக்குக் கல் மாதிரி மெத்தை கொடுங்கள் என்பார், அவருக்கு வேண்டியது மெத்தையே இல்லை. அவர்களைப் பழக்கத் தனிப் படிப்பு இருக்கிறது என்று நீயே ஒரு தடவை சொன்னாய், அதைப் படி. டாக்டரிடமும் எலும்பு நரம்புக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களிடமும் போய், ஆட்களை அனுப்புங்கள் என்று கேட்காதே, முதலில் நீ அனுப்பு. சந்தேகமாக வருகிற ஒவ்வொருவரையும் காட்டிவிட்டு வாருங்கள் என்று அவர்களிடம் அனுப்பிவை. பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்கள், நட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் படுத்த படுக்கையாக இருக்கும் தாயாருக்கு மெத்தை கேட்டு ஒருவர் வந்தார், புண் வராமல் இருக்கக் காற்று மெத்தைதான் வேண்டும், அது என்னிடம் இல்லை என்று வேறு கடைக்கு வழி சொன்னேன். அண்ணன் பல்லைக் கடித்தான். அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டுப் போனார், இன்றுவரை திரும்பி வரவில்லை. எல்லாமே லாபத்தில் முடியும் என்று உனக்கு நான் கதை சொல்லமாட்டேன். ஆனால் வியாதியைக் கேட்டு டாக்டரிடம் அனுப்புகிறவள் என்று ஒரு பெயர் உண்டாகும். அது உண்டாக நாளாகும்.

கல்லாவைப் பற்றிக் கேட்டாய். அண்ணன், 'வரட்டும்பா, பாவம், எனக்கும் ஒத்தாசையா இருக்கும்' என்கிறான். அம்மா உன் அறையில் இருந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஜன்னலைத் துடைத்து வைத்துவிட்டாள். நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வா. எப்போது வேண்டுமானாலும் வா, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு, ஏன் வந்தாய் என்று கேட்கிறவனை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கடையில் உனக்கு இடம் இல்லை. அண்ணிக்கும் அண்ணனுக்கும் பாகம் போய்விடும் என்பதற்காகச் சொல்லவில்லை, அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. இப்போது நீ வந்தால் மெத்தை விற்க வருகிறவளாக வரமாட்டாய், ஒரு வாசலைக் கடக்க முடியாமல் வருகிறவளாக வருவாய். நாள் போகப் போக, கடைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெரியவர் நுழையும்போதெல்லாம் நீ எழுந்து பின்பக்கம் போவாய். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் கல்லாவில் உட்கார முடியாது. அதனால் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. அந்த மனிதரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு ஒரு போன் செய். அப்போதும் வருகிறேன் என்று சொன்னால் ஒரு கேள்வி கேட்காமல் அன்றைக்கே எடுத்து அனுப்புகிறேன், வந்து வேறு எந்தத் தொழில் செய்தாலும் முதல் சரக்குக்கு நான் ஜாமீன். தொடர்கிறேன் என்று சொன்னாலும் சரி. இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்குக் குறையில்லை, பார்க்காமல் எதையும் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறவள் இப்போது டீயிலேயே காலம் தள்ளுவாய் என்று எனக்குத் தெரியும். அம்மா தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள், முட்டியை இப்போது சுவரைப் பிடிக்காமலே மடக்குகிறாள் என்றும் எழுதச் சொல்கிறாள். உன் கை பட்ட உடம்பெல்லாம் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், நீ நீண்ட நாள் மனநிறைவோடு வாழ வேண்டும்.

ஒன்று மறந்துவிடாதே. காலையில் போகாதே, துணி கொடுக்க வருகிறவர்கள் கூட்டமாக நிற்பார்கள், அவர்கள் முன்னால் அந்த அம்மாளை மறுபடி கத்த வைக்காதே. மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் போ. கதவைத் திறக்கவில்லை என்றால் மறுநாளும் போய்த் தட்டு.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா